டிரோன் எண்ணிய மூன்று மரம்

சுங்கை சிப்புட்டில் டிரோன் வைத்து அளவை வேலை செய்கிறேன் என்று சொன்னால், கல்யாணத்துக்கு வீடியோ எடுப்பீர்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். அடுத்த கேள்வி தோட்டத்துக்காரர்களிடமிருந்து வரும்: "செம்பனைய எண்ணிக் கொடுத்த மாதிரி பின்னாடி இருக்குற காட்டையும் எண்ணிக் கொடுத்துடுங்களேன்." இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செம்பனை எண்ணுவது லேசு. முக்கோண வாக்கில் 9 மீட்டர் இடைவெளி விட்டு நட்டால் ஒரு ஹெக்டருக்குச் சுமார் 143 மரம் வரும். மேலிருந்து ஒவ்வொன்றும் நட்சத்திரம் மாதிரி விரிந்து கிடக்கும். பட்டுப்போன மரம், நடாமல் விட்ட இடம் எல்லாம் அன்று மாலையே படத்தில் தெரிந்துவிடும். எல்லைக் கால்வாயைத் தாண்டிக் காட்டுக்குள் போனால் நிரையும் கிடையாது, கணக்கும் கிடையாது. ஒரு மரத்தின் தலை இன்னொன்றின் தோளில் ஏறிக்கிடக்கும். அதற்கு மேல் கொடி படர்ந்திருக்கும். கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தில் கப்பூர் மரங்கள் ஒன்றையொன்று தொடாமல் ஒதுங்கி நிற்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். எல்லா மரமும் அந்த மரியாதையோடு நின்றால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

எண்ணிக்கையை விட உயரம்தான் ஆளைக் கவிழ்க்கும். நானே கவிழ்ந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பள்ளத்தாக்கை வெறும் கேமராவால் படமெடுத்தேன். பக்கத்துப் பக்கத்துப் படங்கள் 80 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்து, மென்பொருளில் போட்டு முப்பரிமாணமாக்கி, "மரங்கள் 20 மீட்டர்" என்று அறிக்கையும் கொடுத்துவிட்டேன். அப்புறம் கீழே இறங்கி, சாய்கோணம் பார்க்கும் கருவியால் அளந்தால் 38 மீட்டர்!

நடந்தது இதுதான். மர உச்சியின் மட்டத்திலிருந்து தரை மட்டத்தைக் கழித்தால் கிடைப்பது மரத்தின் உயரம். கேமரா பார்த்தது இலைக்கூரையை மட்டும். தரை தெரியாத இடத்தில், சுற்றிலும் தெரிந்த மேட்டை வைத்து மென்பொருள் தரையை ஊகித்துக்கொண்டது. பள்ளத்தின் ஆழம் மொத்தமும் மரத்தின் உயரத்தில் கழிந்துபோயிற்று. படமோ பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அழகான படத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை.

இதற்குத்தான் லைடார். ஒரு லேசர் துடிப்பு இலையில் பட்டு ஒரு பகுதி திரும்பும். மிச்சம் இடுக்கு வழியாக இறங்கி, கிளையிலும் கடைசியில் தரையிலும் பட்டுத் திரும்பும். நம் அடர்காட்டில் தரையைத் தொட்டு வருபவை சொற்பம்தான். ஆனாலும் அந்தச் சொற்பப் புள்ளிகளை இணைத்தால் ஓடையும் வெட்டுமரம் ஏற்றிப்போன பழைய பாலாக் லோரிப் பாதையும் கோடு கோடாக எழுந்து வரும். விலைதான் கேமராவைப் போல் பல மடங்கு.

டிரோன் வாங்கப்போகும் தம்பிகளுக்கு ஒன்று. திரையில் 100 மீட்டர் என்று காட்டுவது பெரும்பாலும் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கு. எதிரே 60 மீட்டர் குன்று, அதன்மேல் 50 மீட்டர் துவாலாங் மரம் நின்றால் சேர்த்துப் பாருங்கள். நில மேடுபள்ளத்தைப் பின்தொடரும் வசதி இல்லாத டிரோனை மலைக்காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். காலைப் பனி விலகியபின் தொடங்கி, மத்தியானம் காற்று எழுவதற்குள் முடித்துவிடுங்கள். இலை ஆடினால் படங்கள் ஒட்டாது. அனுமதி விஷயத்தில் சலுகை எதிர்பார்க்க வேண்டாம். 400 அடிக்கு மேல் பறக்க விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும், வனக் காப்பகத்துக்குள் நுழைய மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும், வரைபடத்துக்காகப் படமெடுக்க நில அளவை, வரைபடத் துறையான ஜூபெமையும் கேட்க வேண்டும். இதையெல்லாம் விலையில் சேர்க்காதவர் மலிவாகத்தான் தெரிவார்.

"டிரோன் இருக்கே, ஆள் எதுக்கு?" என்றும் கேட்கிறார்கள். மரத்தின் பருமனைத் தரையிலிருந்து 1.3 மீட்டரில், நெஞ்சு உயரத்தில் அளக்க வேண்டும். மேலே பறப்பதற்கு அந்த இடம் தெரியாது. சபா டானம் பள்ளத்தாக்கில் இருக்கும் மஞ்சள் மெராந்தி உலகின் மிக உயரமான வெப்பமண்டல மரமாகப் பேசப்படுகிறது. விமானத்திலிருந்து லைடார் போட்டுத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் 100.8 மீட்டர் என்று உறுதி செய்ய, 2019 ஜனவரியில் ஒருவர் அளவு நாடாவோடு உச்சி வரை ஏறினார்.

எங்களோடு காட்டுக்கு வரும் பெரியவர் ஒருவர், இளவயதில் ரப்பர்ப் பால்மரம் சீவியவர். போன வேலையில் மடிக்கணினியை எட்டிப் பார்த்தார். ஓடைக்கு மேற்கே கணினி மூன்று வட்டம் போட்டிருந்தது.

"அங்க மூணு மரம் இல்ல தம்பி."

"லைடார் அப்படித்தான் சொல்லுதுங்க ஐயா."

"வா, காட்டுறேன்."

அரை மணி நேரம் சரிவில் இறங்கினோம். அத்தி இனத்தைச் சேர்ந்த ஒரே ஒரு ஆரா மரம். கிளைகள் மூன்று பக்கம் பிரிந்து, தனித்தனித் தலையாகக் குவிந்திருந்தன. அடியில் வேர்கள் திரைச்சீலை போல் தொங்கி, எது தண்டு எது வேர் என்றே தெரியவில்லை. நாடாவைச் சுற்றிப் பார்த்தோம், பத்தவில்லை.

"இத எந்தக் கணக்குல எழுதுவே?" என்று சிரித்தார்.

பருமனுக்கான கட்டத்தைக் காலியாக விட்டேன். எண்ணிக்கையில் மூன்றை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினேன்.