துடுப்புப் போடும் கைகள்: பச்சிளங்குழந்தையின் வலிப்பு

பிறந்து சில நாட்களே ஆன குழந்தை தூக்கத்தில் உதட்டைச் சுழிப்பதும், சப்புக்கொட்டுவதும், சைக்கிள் மிதிப்பதுபோல் உதைப்பதும் கன்னியாகுமரி மாவட்டத்தின் எந்தப் பேறுகால வீட்டிலும் காணக்கூடியவை. "நரி விரட்டுகிறது" என்று சொல்லிவிட்டுப் பாட்டிமார் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அவர்கள் கணிப்பு சரிதான். ஆனால் இதே அசைவுகள் சில வேளைகளில் வலிப்பாகவும் இருக்கக்கூடும்.

சப்புவதும் உதைப்பதும் குழந்தை கற்றுக்கொண்டவை அல்ல. மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பணுக் கூட்டங்கள், மேல்மூளையின் கட்டளைக்குக் காத்திராமல், தசைகளைத் தாளத்தோடு ஏவும் திறனுடன் பிறவியிலேயே அமைந்துவிடுகின்றன. குழந்தையை அக்குளில் தாங்கிப் பாதம் தரையில் படும்படி பிடித்தால் அது அடியெடுத்து வைப்பதும் இதனால்தான்.

பெரியவர்களைப் போல உடல் முழுவதும் விறைத்து, பின் வெட்டி இழுக்கும் வலிப்பு பச்சிளங்குழந்தைக்கு ஏறக்குறைய வருவதே இல்லை. மூளையின் மேலடுக்கான புறணியின் இணைப்புகளும், நரம்பிழைகளைச் சுற்றிய மயலின் என்னும் கொழுப்புறையும் முற்றுப்பெறாததால், ஓரிடத்தில் எழும் மின்கிளர்ச்சி ஒழுங்காகப் பரவ வழியில்லை. எனவே கண்கள் ஒரு பக்கமாக நிலைகுத்துவது, குளச்சல் கடலில் துடுப்பு வலிப்பவர்போல் கைகள் சுழல்வது, மூச்சு நின்று நின்று வருவது என அது சன்னமாகவே வெளிப்படுகிறது.

மருந்திலும் ஒரு முரண் உண்டு. வளர்ந்த மூளையை அடக்கி வைக்கும் காபா என்னும் வேதிப்பொருள், இளம் நரம்பணுவைத் தூண்டிவிடக்கூடும். குளோரைடை வெளியேற்றும் புரதம் இன்னும் போதிய அளவில் உருவாகாததால் அந்த நரம்பணுவுக்குள் குளோரைடு தேங்கியிருப்பதே காரணம். காபாவுக்கு வலுவூட்டும் ஃபீனோபார்பிடால்தான் இன்றும் முதல் மருந்து என்றாலும், அது எல்லாக் குழந்தைகளிடமும் பலிப்பதில்லை. கைகால் அசைவு அடங்கிய பிறகும் மூளையில் வலிப்பின் மின்கிளர்ச்சி தொடர்வதுண்டு என்பது இதைவிடக் கவலைக்குரியது.

மிஸ்ராஹி, கெல்லவே என்னும் ஆய்வாளர்கள் வீடியோவையும், மூளையின் மின்னலைகளைக் காட்டும் ஈ.ஈ.ஜி.யையும் ஒருசேரப் பதிவுசெய்து 1987இல் வெளியிட்ட ஆய்வு, மிதித்தல், சப்புதல் போன்ற அசைவுகள் பலவற்றின்போது புறணியில் வலிப்பு மின்னலைகளே இல்லை எனக் காட்டியது. பாதிக்கப்பட்ட மேல்மூளை தன் கடிவாளத்தைத் தளர்த்திவிட, மூளைத்தண்டின் தாளங்கள் தாமே கிளம்புகின்றன என்பது அவர்கள் விளக்கம். அப்படிப்பட்ட அசைவுக்கு வலிப்பு மருந்து தேவையற்றது. ஆனால் அந்தக் குழந்தையின் மூளை நலமாக இருக்கிறது என்றும் கொள்ள முடியாது. எனவே வெறும் பார்வையை நம்பாமல் ஈ.ஈ.ஜி. எடுப்பது அவசியமாகிறது.

வீட்டில் கவனிக்கத்தக்கவையும் உண்டு. சாதாரண நடுக்கம், நடுங்கும் கையை மெல்லப் பிடித்தால் நின்றுவிடும். வலிப்புத் துடிப்பு பிடிக்குள்ளும் தொடரும். தூக்கத்தில் மட்டும் வரும் தீங்கற்ற வெட்டல், தொட்டிலை ஆட்டினால் கூடலாம், எழுப்பினால் அடங்கிவிடும். கண் நிலைகுத்தினாலோ உதடு நீலம்பாரித்தாலோ, உரைமருந்து கொடுத்துக் காத்திராமல் உடனே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற, பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள இடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அசைவை ஒருவர் கைபேசியில் பதிவுசெய்திருந்தால் மருத்துவருக்கு அது பெரிதும் உதவும். அங்கே முதலில் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவைப் பார்ப்பார்கள். ஏனெனில் சர்க்கரைக் குறைவால் வந்த வலிப்பு, குளுக்கோஸ் ஏற்றினாலே நின்றுவிடக்கூடும்.