பாம்பு கடிச்சா ரத்தத்த கண்ணாடி டியூப்ல ஊத்தி 20 நிமிஷம் வைக்கிறது ஏன்?

ஒடுகத்தூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு. "அண்ணா, மல்லாட்டை புடுங்கும்போது எங்க நைனாவ கண்ணாடி விரியன் கடிச்சிடுச்சு, 108ல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு கூட்டினு போனோம், அங்க ரத்தம் எடுத்து ஒரு சின்ன கண்ணாடி டியூப்ல ஊத்தி ஸ்டாண்டுல நிக்க வச்சிட்டாங்க, 20 நிமிஷம் அத யாரும் தொடவே இல்ல. உயிர் போற நேரத்துல எதுக்குண்ணா இது?" நைனா இப்ப நல்லா இருக்காராம், அத கேட்டதும் தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

தம்பி, அந்த டியூப் தான் உங்க நைனாவுக்கு விஷமுறிவு ஊசி போடலாமா வேணாமான்னு சொல்ற டெஸ்ட். 2 மில்லி ரத்தம், புதுசான, நல்லா காஞ்ச கண்ணாடி டியூப், 20 நிமிஷம், அப்புறம் ஒரே ஒரு தடவ சாய்ச்சு பாக்கணும். நல்ல ரத்தம்னா கட்டித் தயிர் மாதிரி அசையாம நிக்கும். விரியன் விஷம் ஏறியிருந்தா தண்ணியா வழிஞ்சு வரும். நைஜீரியாவுல 1970கள்ல சுருட்டை விரியன் கடிச்சவங்கள பாத்த டேவிட் வாரல்ங்கிற டாக்டர் இந்த மாதிரி எளிமையான டெஸ்ட வச்சு தான் வைத்தியம் பண்ணாரு. மெஷின் வேணாம், கரண்ட் வேணாம், அதனால தான் ஜவ்வாது மலை அடிவாரத்துல இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியிலயும் இத பண்ண முடியுது.

விஷம் உள்ள என்ன பண்ணுதுன்னு சீக்கிரமா சொல்லிடுறேன். ரத்தம் உறையறது படிப்படியா நடக்கிற வேலைன்னு ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க, ஃபேக்டர்னு நம்பர் போட்டு கூப்பிடுற புரதங்கள் ரத்தத்துல இருக்கு, ஒரு ஃபேக்டர் அடுத்த ஃபேக்டர எழுப்பி விடும், கடைசியில த்ராம்பின்ங்கிற என்சைம் வந்து ரத்தத்துல கரைஞ்சிருக்கிற ஃபைப்ரினோஜன்ங்கிற புரதத்த ஃபைப்ரின் நூலா மாத்தும், அந்த நூல் தான் ரத்தத்த கட்டியாக்கும். கண்ணாடி விரியன் விஷத்துல இருக்கிற ஒரு என்சைம் ஃபேக்டர் 10ஐயும் இன்னொன்னு ஃபேக்டர் 5ஐயும் நேரா போயி எழுப்பிடுது. உடம்பு முழுக்க குட்டி குட்டியா ரத்தம் உறைய ஆரம்பிக்குது, உடம்பு அத கரைச்சிக்கிட்டே இருக்குது, இப்படியே போயி கையிருப்புல இருந்த ஃபைப்ரினோஜன் மொத்தமும் காலி. உறைய வைக்கிற விஷம் தான், ஆனா மிச்சம் இருக்கிற ரத்தத்துல உறையறதுக்கு சரக்கே இல்ல. இங்கிலாந்துல மக்ஃபர்லேன்னு ஒருத்தரு 1934லயே இதே விஷத்த ரொம்ப நீர்க்க கலந்து ரத்தம் சரியா உறையாத ஹீமோபிலியா நோயாளிங்களோட காயத்து மேல வச்சு ரத்தக்கசிவ நிறுத்தி காமிச்சாரு, ரத்தம் உறையற இந்த படி வரிசைய 1964ல எழுதினதும் அவரே தான்.

இப்ப நான் ஆசையா சொல்ல வர்ற இடத்துக்கு வந்துட்டேன். ஏன் கண்ணாடி? பிளாஸ்டிக் டியூப்ல ஊத்தினா என்ன? கண்ணாடியோட மேற்பரப்பு முழுக்க சிலிக்கான், ஆக்சிஜன், ஹைட்ரஜன் சேந்த குழுக்கள் இருக்கு, ரத்தம் பட்டதும் அதுல பலது தன்னோட ஹைட்ரஜன புரோட்டானா விட்டுடும், விட்டா அங்க நெகட்டிவ் சார்ஜ் நிக்கும். ரத்தத்துல சும்மா சுத்திட்டு இருக்கிற ஃபேக்டர் 12ல பாசிட்டிவ் சார்ஜ் உள்ள பகுதி ஒன்னு இருக்கு, அது கண்ணாடி சுவத்துல போயி ஒட்டிக்கும், ஒட்டினதும் அதோட உருவமே கொஞ்சம் மாறிடும், மாறினதும் அது முழிச்சிக்கிட்ட என்சைம் ஆயிடும். அது ப்ரீகல்லிக்ரீன்ங்கிற இன்னொன்ன எழுப்பும், எழுந்த கல்லிக்ரீன் திரும்பி வந்து இன்னும் நெறைய ஃபேக்டர் 12ஐ எழுப்பும். அப்புறம் 11, 9, 10, த்ராம்பின், ஃபைப்ரின். அதாவது ஒரு துளி மருந்து கூட சேக்காம வெறும் சுவரே ரத்தத்த உறைய ஆரம்பிக்க வைக்குது! விஷம் நடுவுல 10ல பூந்து எல்லாத்தையும் செலவழிச்சிட்டு போயிருக்கு, கண்ணாடி மேல 12ல இருந்து வந்து 'ஃபைப்ரினோஜன் ஏதாச்சும் மிச்சம் இருக்கா'ன்னு பாக்குது.

பிளாஸ்டிக்ல அந்த சார்ஜ் கிடையாது, நல்ல ரத்தமே 20 நிமிஷத்துல உறையாம நிக்கலாம், விஷம் ஏறாதவருக்கு ஊசி போட்டுடுவாங்க. அந்த ஊசி குதிரையோட ரத்தத்துல இருந்து எடுக்கிறது, சிலருக்கு கடுமையான அலர்ஜி வரும். சோப்பு பவுடர் போட்டு கழுவின டியூபும் வேணாம், சோப்பு ஒட்டியிருந்தா கண்ணாடி தன் வேலைய பண்ணாது.

ஃபேக்டர் 12 இருக்குன்னே ஒரு ரயில்வே தொழிலாளிய வச்சு தான் தெரிஞ்சுது. அமெரிக்காவுல ஜான் ஹேகமன்னு ஒருத்தரு, ஆபரேஷனுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணா அவரு ரத்தம் கண்ணாடி டியூப்ல உறைய ரொம்ப நேரம் ஆவுது, ஆனா வாழ்க்கையில அவருக்கு ரத்தக்கசிவு பிரச்சனையே இல்ல. அவரு ரத்தத்துல இல்லாம போனது தான் ஃபேக்டர் 12, ஆஸ்கர் ராட்னாஃப்ங்கிற டாக்டர் 1955ல இத எழுதினாரு. அப்போ உடம்புல காயம் பட்டா ரத்தம் நிக்கிறதுக்கு ஃபேக்டர் 12 அவ்வளவா தேவையில்ல, கண்ணாடிக்கு தான் அது வேணும். ஹேகமன் 1968ல செத்தது நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைச்சு, எத்தன தடவ படிச்சாலும் எனக்கு இது ஆச்சரியம் தான்.

ஊசி கணக்கும் பாத்துடலாம். நம்ம ஊர் மருந்து 1 மில்லி, கண்ணாடி விரியன் விஷம் 0.6 மில்லிகிராம முறிக்கும், ஒரு பாட்டில் 10 மில்லி, 10 பாட்டில்னா 60 மில்லிகிராம். ஒரு பெரிய விரியன் சராசரியா இறக்குற விஷம் கிட்டத்தட்ட அவ்வளவு தான், அதனால தான் ஆரம்பமே 8, 10 பாட்டில். ஊசி விஷத்த தான் புடிக்கும், செலவான ஃபைப்ரினோஜன கல்லீரல் தான் புதுசா செய்யணும், அதுக்கு டைம் வேணும், அதனால 6 மணி நேரம் கழிச்சு திரும்ப டியூப் வைப்பாங்க. எவ்வளவு டோஸ் போதும்னு நம்ம வேலூர் சி.எம்.சி ஆஸ்பத்திரியிலயே ஆய்வு பண்ணி 1999ல வெளியிட்டாங்க, கம்மி டோஸ் போட்டவங்களும் அதிக டோஸ் போட்டவங்க மாதிரியே தேறினாங்க.

கடிவாயில பிளேடு போட்டு கீறுறத மட்டும் தயவு செஞ்சு விட்டுடுங்க. உறையாத ரத்தம் உள்ளவர கீறினா எப்படி நிக்கும், சொல்லுங்க? இறுக்கி கட்டாதீங்க, கை காலே போயிடும். வேப்பிலை அடிச்சு மந்திரிச்சு பொழச்சவங்க ஊருக்கு ஊரு இருப்பாங்க, ஏன்னா பாம்பு பல நேரம் விஷத்த இறக்காம வெறுமனே கடிச்சிட்டு போயிடும், அவரு மந்திரிக்கலன்னாலும் பொழச்சிருப்பாரு. விஷம் ஏறினவருக்கு அங்க போற ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம்.

2000ல இருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியில செத்திருக்காங்கன்னு 2020ல ஒரு கணக்கு வந்துச்சு, உலக சுகாதார நிறுவனம் இத கவனிக்கப்படாத நோய் பட்டியல்ல சேத்ததோ 2017ல தான். கடி வாங்குறவங்க கொல்லையில வேலை செய்ற ஏழைங்க, அதனால ஆராய்ச்சிக்கு காசு வரல, இது எனக்கு கோவம் வர்ற விஷயம். ஊருக்கு ஊரு விஷம் மாறுது, ஆனா மருந்துக்கான விஷத்துல பெரும்பங்கு பல வருஷமா சென்னை பக்கம் வடநெம்மேலியில பாம்பு புடிச்சு விஷம் எடுக்கிற இருளர் கூட்டுறவு சங்கத்துல இருந்து தான் போயிட்டிருந்துச்சு. அவங்க வேலை பெரிய வேலை, அதுல சந்தேகமே இல்ல, ஆனா ராஜஸ்தான் பாம்புக்கும் அஸ்ஸாம் பாம்புக்கும் அந்தந்த ஊர் விஷத்துல மருந்து செய்ய அரசாங்கம் காசு ஒதுக்கணும்.

இன்னொன்னு தம்பி, டியூப்ல ரத்தம் உறைஞ்சிடுச்சுன்னா ஒன்னும் இல்லன்னு வீட்டுக்கு கிளம்பிடக்கூடாது. கட்டு விரியனும் நல்ல பாம்பும் நரம்ப தான் அடிக்கும், ரத்தம் பாட்டுக்கு உறையும். ராத்திரி தரையில படுத்திருந்தவரு வயித்த வலிக்குதுன்னு எழுந்து, கண் இமை தூக்க முடியாம பேச்சு குழறுதுன்னா கடிச்ச தடம் தேடினு நிக்காதீங்க, 108க்கு போன் போடுங்க.