பிரீபிரிண்ட்: முன்னச்சு

ஆய்விதழின் மதிப்பாய்வு முடியும் முன்பே ஆய்வாளர் பொதுவில் வைக்கும் முழுமையான ஆய்வுக் கட்டுரைதான் பிரீபிரிண்ட். தரவு, முறை, முடிவு, மேற்கோள் பட்டியல் எல்லாம் அதில் இருக்கும். துறை வல்லுநர்கள் இன்னும் படித்துக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். அதனால் ‘வரைவு’ என்பது பொருந்தாது.

பெயர் அச்சுக் காலத்தது. இயற்பியலாளர்கள் அன்று தட்டச்சுப் படிகளைத் தபாலில் அனுப்பிக்கொள்வார்கள். பெரிய ஆய்வகங்களுக்கு உடனே கிடைக்கும். சின்னக் கல்லூரிகளுக்கு எட்டாது. 1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் இதை மின்னஞ்சல்வழிச் சேவையாக்கினார். அதுதான் ஆர்க்கைவ் (arXiv) என்ற பிரீபிரிண்ட் தளம், 2001இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. உயிரியலுக்கான பயோஆர்க்கைவ் 2013இலும், மருத்துவத்துக்கான மெட்ஆர்க்கைவ் 2019இலும் வந்தன.

அதன் பலமும் ஆபத்தும் கோவிட் காலத்தில் சேர்ந்தே தெரிந்தன. டெக்சாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு மருந்து, பிராணவாயு தேவைப்பட்ட நோயாளிகளின் இறப்பைக் குறைக்கிறது என்று காட்டிய பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு 2020 ஜூன் 22இல் பிரீபிரிண்டாக வந்தது. இதழில் வந்தது ஜூலை 17இல். அதே ஆண்டு ஜனவரி இறுதியில், கொரோனா வைரஸில் எச்ஐவியை ஒத்த துண்டுகள் இருப்பதாக ஒரு பிரீபிரிண்ட் சொன்னது. அந்தத் துண்டுகள் மிகக் குறுகியவை, வேறு பல உயிரிகளிலும் தற்செயலாகக் காணக்கூடியவை என்று மற்றவர்கள் காட்டினார்கள். சில நாட்களில் ஆசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். வதந்தியை யார் திரும்பப் பெறுவது?

படிக்கிறவர் முதலில் கட்டுரையின் எண்ணைப் பார்க்க வேண்டும். ஆர்க்கைவ் எண் 2003 என்று தொடங்கி, புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கங்கள் வந்தால் அது 2020 மார்ச் மாதக் கட்டுரை. 2003ஆம் ஆண்டு அல்ல. இறுதியில் வரும் வி1, வி2 என்பவை திருத்தப் பதிப்புகள். வி1இல் இருந்த முடிவு வி3இல் மாறியிருக்கலாம். எதைப் படித்தோமோ அதையே மேற்கோளில் குறிக்க வேண்டும். கட்டுரையை ஏற்றுகிறவர், தான் அனுப்பவிருக்கும் இதழ் பிரீபிரிண்டை ஏற்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பப் பெற்றாலும் ஆர்க்கைவில் பழைய பதிப்பு அழியாது.

செயற்கை நுண்ணறிவால் கட்டுரை எழுதுவது எளிதானதும் பிரீபிரிண்டுகள் வெள்ளம்போல் வந்து குவிந்தன. 2025 அக்டோபர் இறுதியில் ஆர்க்கைவின் கணினி அறிவியல் பிரிவு, தொகுப்பாய்வுக் கட்டுரைகளும் கருத்துநிலைக் கட்டுரைகளும் வேறிடத்தில் மதிப்பாய்வு பெற்றிருந்தால்தான் ஏற்போம் என்று அறிவித்தது. புது ஆய்வு முடிவுகளைச் சொல்லும் கட்டுரைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘முன்வெளியீடு’ என்றால் பதிப்பகங்கள் தள்ளுபடியில் முன்பணம் வாங்கும் திட்டம் நினைவுக்கு வரும். ‘முன்பதிப்பு’ முந்தைய பதிப்போடு குழம்பும். ‘முன்னச்சு’ நல்ல சொல். லாரிப் பட்டறையில் அதற்கு வேறு பொருள் உண்டு என்றாலும், ‘முன்னச்சுக் கட்டுரை’ என்றால் யாரும் சக்கரத்தைத் தேட மாட்டார்கள். செய்தி எழுதுகிறவர்கள் முதல்முறை மட்டும் ‘இன்னும் மதிப்பாய்வு பெறாத முன்னச்சு’ என்று எழுதினால் போதும்.