சீந்தில்: கிலோய்க்கு நம் பெயர்

கொரோனா காலத்தில் 'கிலோய்' என்று ஒரு சாறு புட்டியிலும் மாத்திரையிலும் வந்து இறங்கியது. ஏதோ இமயமலை மூலிகை என்றே பலர் நினைத்தார்கள். கிலோய் இந்திப் பெயர், அவ்வளவுதான். நம் வேலிகளிலும் வேப்பமரங்களிலும் இதய வடிவ இலையோடு படர்ந்து கிடக்கும் சீந்தில்தான் அது. தாவரவியல் பெயர் டினோஸ்போரா கார்டிஃபோலியா. அதில் கார்டிஃபோலியா என்பதும் இதய இலையைத்தான் சொல்கிறது.

ஆயுர்வேதத்தில் இதற்குக் குடூசி என்று பெயர். அம்ருதா என்றும் சொல்வார்கள், அதாவது சாவில்லாதது. ராமாயணப் போரில் இறந்த வானரர்களை எழுப்ப இந்திரன் அமுதம் தெளித்தானாம். அவர்கள் உடலிலிருந்து சிந்திய துளிகளில் முளைத்த கொடி இது என்று பாவப்பிரகாசம் என்ற ஆயுர்வேத நூல் கதை சொல்கிறது. கதை இருக்கட்டும், கொடியைப் பார்த்தாலே பெயரின் காரணம் புரியும். அடித்தண்டை வெட்டிவிட்டாலும் மேலே தொங்கும் கொடி அவ்வளவு எளிதில் காயாது. நூல் போல ஒரு வேரை நிலத்தை நோக்கி இறக்கி, மறுபடி பிழைத்துக்கொள்ளும். வடமொழியில் இதற்குச் சின்னருஹா என்றும் ஒரு பெயர் உண்டு: வெட்டினாலும் வளர்வது. பெயர் வைத்தவர் கொடியை உட்கார்ந்து கவனித்திருக்கிறார்.

தமிழில் அமிர்தவல்லி, அமுதவல்லி என்றும் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் அவை அம்ருதாவின் வழி வந்தவை. நேரான தமிழ்ச்சொல் சீந்தில். 'சீந்துவாரில்லை' என்கிறோமே, அந்தச் சீந்துதலோடு இதைச் சேர்த்துப் பொருள் சொல்ல வேண்டாம். இரண்டும் ஒலியில்தான் ஒன்று போல இருக்கின்றன.

அப்புறம், சீந்தில் சர்க்கரை. பெயரைக் கேட்டு இனிப்பு என்று வாயில் போட்டால் ஏமாந்துவிடுவீர்கள். முற்றிய தண்டை இடித்து, தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டுவார்கள். அடியில் மாவு படிந்ததும் மேல்நீரை இறுத்துவிட்டு, புதுத்தண்ணீர் ஊற்றிப் பலமுறை கழுவிக் காயவைப்பார்கள். கிடைக்கும் வெள்ளை மாவுப்பொருள்தான் 'சர்க்கரை'. வடமொழியில் சர்க்கரா என்றால் முதலில் பொடிக்கல், மணல். இனிப்பு பிறகு வந்த பொருள். இங்கே பழைய பொருள்தான் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

பெயர் பிசகினால் உடம்பும் பிசகலாம். 2021இல் மும்பை மருத்துவர்கள் கிலோய் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகமோ, டினோஸ்போரா கிறிஸ்பா போன்ற வேறு செடியைக் குழப்பிக்கொண்டிருக்கலாம் என்றது. அதன் தண்டில் மருக்கள் போலப் புடைப்புகள் நிறைய இருக்கும். சீந்தில் தண்டில் காகிதம் போலத் தோல் உரியும், உள்ளே பச்சை தெரியும். எப்படியானாலும் கல்லீரல் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

நாட்டு மருந்துக் கடையில் கிலோய் என்று திணற வேண்டியதில்லை. சீந்தில் என்று கேளுங்கள். தண்டா, பொடியா, சர்க்கரையா என்று கடைக்காரரே திருப்பிக் கேட்பார்.