ரத்தத்தில் பூஞ்சை என்றால் படை இல்லை

"பூஞ்சைதானே சார், தெருமுனை மெடிக்கல்ல ஆயின்மென்ட் வாங்கினு வரவா?"

போன வாரம் ஐசியூ வாசலில் கேட்டவர் காசிமேட்டுக்காரர். உள்ளே அவருடைய அம்மா, ரத்தத்தில் பூஞ்சை. குடலில் ஓட்டை விழுந்து ஆபரேஷன் ஆகி 12 நாள், சர்க்கரை வேறு. இந்த மாதம் மட்டும் இந்தக் கேள்வி எனக்கு மூன்றாவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

தொடை இடுக்கில் வருகிற படை தோலோடு நிற்கும். அரிக்கும், ஆளைக் கொல்லாது. ரத்தத்தில் வருவது கேண்டிடா என்கிற வேறு பூஞ்சை. பலருடைய வாயிலும் குடலிலும் சும்மா கிடப்பதுதான். நாள்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏறி, மற்ற கிருமிகள் ஒழிந்ததும் பெருகிவிடும். குடல் ஓட்டை வழியாகவோ கழுத்தில் பெரிய ரத்தக்குழாய்க்குள் மருந்து ஏற்றப் போட்ட சென்ட்ரல் லைன் வழியாகவோ ரத்தத்தில் இறங்கி, கண், இதய வால்வு, சிறுநீரகம் என்று போய் உட்காரும். களிம்பு அங்கே எப்படிப் போகும்? இது வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்துபோகிறார்கள், மருந்து கொடுத்தும்கூட.

"இன்னும் பவரான ஆன்டிபயாடிக் போடுங்க" என்று சண்டை போடாதீர்கள். அது பாக்டீரியாவைத்தான் கொல்லும், பூஞ்சைக்கு இன்னும் இடம் விடும்.

அந்த அம்மாவின் ரத்தத்தை விட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற கல்ச்சர் பாட்டிலில் இருந்து ஒரு சொட்டு எடுத்து நானே மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஊதா நிறத்தில் முட்டை முட்டையாக, ஓரத்தில் மொட்டு விட்டுக்கொண்டு. ஆனால் கல்ச்சர் பாதிப் பேரிடம்தான் இதைப் பிடிக்கும், அதற்கும் இரண்டு மூன்று நாள் ஆகும். சந்தேகம் பலமாக இருந்தால் ரிப்போர்ட்டுக்கு முன்பே மருந்தைத் தொடங்குவது அதனால்தான். (ஜூனியர் டாக்டர்களுக்கு: சளியில் கேண்டிடா வந்தால் பதற வேண்டாம். ரத்தத்தில் ஒரே ஒரு பாட்டிலில் வந்தாலும் அசட்டை கூடாது.)

அப்புறம், காய்ச்சல் விட்டதும் டிஸ்சார்ஜ் கேட்பது. மருந்து குறைந்தது 14 நாள், அதுவும் ரத்தம் சுத்தமான நாளிலிருந்து எண்ணி. செலவு என்னவென்று எனக்கும் தெரியும். தாங்கவில்லை என்றால் வாய் திறந்து சொல்லுங்கள், ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறோம். தயவுசெய்து நடுவில் மட்டும் நிறுத்தாதீர்கள்.

உள்ளே வரும்போதும் போகும்போதும் கையைச் சுத்தம் செய்யுங்கள். லைனைத் தொடாதீர்கள். "இந்த லைன் இன்னும் தேவையா?" என்று தினமும் எங்களைக் கேளுங்கள், கோபப்பட மாட்டோம்.

அந்த அம்மாவின் லைனை அன்றே எடுத்துவிட்டோம். முந்தாநாள் எடுத்த ரத்தத்தில் இதுவரை எதுவும் வளரவில்லை. நாளைக்குக் கண் டாக்டர் வந்து விழித்திரையைப் பார்க்கிறார்.