பிரஷர், சுகர் மாத்திரை வாசலுக்கு வருகிறது. வீட்டில் கவனிக்க வேண்டியவை

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். 45 வயதைத் தாண்டிய பிரஷர், சுகர் நோயாளிகளுக்கும், நடமாட முடியாதவர்களுக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும். பக்கவாதம் வந்து கை கால் விழுந்தவருக்கு இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி), படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சை, வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவருக்கு அதற்கான பைகள் ஆகியவையும் இதே திட்டத்தில் உண்டு. காசு எதுவும் கிடையாது. மாத்திரையைத் தவிர மற்றவற்றைப் பலர் கேட்பதே இல்லை. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் முதல் பரிசோதனைதான் செய்வார். நோயை உறுதி செய்து மாத்திரை எழுதுவது ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர். அளவைக் கூட்டச் சொல்லியோ குறைக்கச் சொல்லியோ தன்னார்வலரை வற்புறுத்தக் கூடாது. அது அவர் வேலை இல்லை. தனியார் டாக்டரிடம் ஏற்கெனவே பார்ப்பவர் பழைய சீட்டையும் காலி மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருமுறை நேரில் போக வேண்டும்.

காலி அட்டையைக் கொண்டுபோகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடையில் வாங்கிய மாத்திரைக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று. அரசு அட்டையில் அம்லோடிபின், மெட்ஃபார்மின் என்று மருந்தின் பெயர்தான் இருக்கும். இரண்டும் வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் விழுங்கும் பெரியவர்கள் உண்டு. ஒரே மருந்து இரட்டிப்பாகி, எழுந்து நின்றால் தலை சுற்றி விழுகிறார்கள். அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றாக இருந்தால் டாக்டரிடம் காட்டி ஒன்றை நிறுத்துங்கள்.

பிரஷர் பார்க்க வந்தவுடன் கையை நீட்டிவிடாதீர்கள். காட்டிலிருந்து வந்த கையோடு, டீ குடித்த சூட்டோடு, பீடியை அணைத்துவிட்டுப் பார்த்தால் கணக்கு ஏறித்தான் காட்டும். டீ, பீடி முடிந்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். இரண்டு முறை பார்த்து இரண்டையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்பக் காட்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சிகிச்சை கெட்டுப்போவது இதற்கு அப்புறம்தான். "இப்போ நார்மல் ஆயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்துகிறார்கள். நார்மல் ஆனதே மாத்திரையால். நிறுத்தினால் சத்தமில்லாமல் மறுபடி ஏறும். பலருக்குத் தலைவலிகூட வராது, பக்கவாதமாகத்தான் தெரியவரும். சுகர் மாத்திரை போட்டவர் வேளைச் சாப்பாட்டைத் தவறவிட்டு வியர்வை, நடுக்கம், படபடப்பு என்றால் சுகர் இறங்கியிருக்கலாம். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுப்படியில் முதலில் அளக்க வேண்டியது உப்பு. ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும் என்று கணக்கு. பாக்கெட் பிரித்த தேதியை அதன்மேல் எழுதிவையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு இந்தக் கணக்கில் சேராமல் உள்ளே போகிறவை, ஆகவே பாக்கெட் இன்னும் மெதுவாகத்தான் தீர வேண்டும். நம் பக்கம் புளி தாராளம். குழம்பில் புளி ஏறினால் அதைச் சமன் செய்ய உப்பும் ஏறும். புளியைக் குறைத்தால் உப்பு தானாகக் குறையும்.

தருமபுரி மாவட்டத்தில் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கும் வசதி 2023-இல் வந்தது. நல்ல தானியம், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் சுகர் உள்ளவர் களி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்பது தவறு. அதுவும் மாவுச்சத்துதான். ஒரு கைப்பிடி உருண்டை, அதோடு கீரையோ பயறோ நிறைய என்று வையுங்கள். மாம்பழ சீசனில் ஜூஸ் வேண்டாம். பழம் இரண்டு துண்டு சாப்பிட்டால் அந்த வேளை களியை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் உரிய பிரச்சினை ஒன்று தண்ணீர். பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு கூடுதல். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை படியும்; பெரியவர்களுக்குக் கழுத்து, முதுகு, முட்டி இறுகும். "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி ஏறும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர், துணி துவைக்கவும் மாட்டுக்கும் போர் தண்ணீர் என்று குடத்தைத் தனித்தனியாக வையுங்கள். சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பரிசோதிக்கக் கேளுங்கள்.

முட்டி வலிக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வலி மாத்திரை வாங்கி தினமும் போடுவது பெரிய ஆபத்து. பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலியைத் தன்னார்வலரிடம் சொல்லி இயன்முறை சிகிச்சை கேளுங்கள். நடக்க முடிகிறவர் வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம் நடக்கட்டும். மூச்சு வாங்கினால் 10 நிமிடமாக மூன்று முறை. சுகர் உள்ளவர் களத்து மேட்டில்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது, ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் மாத்திரை அதிகமாக விட்டுப்போகிறது. தன்னார்வலர் வரும்போது வீடு பூட்டியிருந்தால் அந்த மாதம் தவறிவிடும். கிளம்பும் முன் துணை சுகாதார நிலையத்தில் சொல்லி, போதுமான மாத்திரையை முன்கூட்டியே கேளுங்கள். பிரஷர் கணக்கு எழுதிய நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள், போன ஊர் அரசு மருத்துவமனையில் அதைக் காட்டலாம். சந்தேகம் கேட்க 104 என்ற மருத்துவ உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.