படத்தில் இருக்கும் கறுப்பு வயர்

எலக்ட்ரானிக்ஸ் பழக வருகிறவர்கள் முதல் வகுப்பில் ஒரு எல்.இ.டி.யை மினுக்கிப் பார்க்கிறார்கள். கொஞ்ச நாளிலேயே "சார், ஃபேனை போன்ல ஆஃப் பண்ணணும்" என்று வந்து நிற்கிறார்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் 5 வோல்ட்டிலிருந்து 230 வோல்ட்டுக்கு ஒரு தாவல் இருக்கிறது. தொடக்கநிலை வழிகாட்டிகளில் வரும் படங்களைப் பார்த்தால் அந்தத் தாவல் கண்ணில் படுவதே இல்லை.

5 வோல்ட் சிக்னலைக் கொண்டு வீட்டு கரண்ட்டை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்தான் ரிலே. அது பொருத்திய சின்ன போர்டான ரிலே மாட்யூலின் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம், நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும் ஆர்டுயினோ போர்டு. சிவப்புக் கோடு 5 வோல்ட், கறுப்புக் கோடு கிரவுண்ட். வலது பக்கம் பல்பும் பிளக்கும், அங்கேயும் சிவப்பு, கறுப்பு, அதே தடிமன். நம் வீட்டு வயரிங்கில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பதுதான் வழக்கம். அதனால் படம் வரைந்தவர் பிழையாக எதையும் வரைந்துவிடவில்லை. சிக்கல் பார்ப்பவரின் கையில் இருக்கிறது. கறுப்பு என்றால் கிரவுண்ட், தொட்டால் ஒன்றும் ஆகாது என்று பழகிய கை, வலது பக்கத்துக் கறுப்பையும் அப்படியே பிடிக்கும்.

நியூட்ரல் இணைப்பு எங்காவது விட்டுப்போயிருந்தால் என்ன ஆகும்? சுவிட்ச் போட்டிருக்கும் பல்பின் வழியாகவே 230 வோல்ட் வந்து அந்தக் கறுப்பு வயரில் நிற்கும். பல்பு எரியாததால் கரண்ட் இல்லை என்று வேறு தோன்றும். இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகினாலோ, கறுப்பே பேஸ் ஆகிவிடும். அப்போது ரிலே நியூட்ரலைத்தான் துண்டிக்கும். பல்பு அணைந்திருக்கும், ஹோல்டரில் பேஸ் இருக்கும்.

"வீட்ல ஆர்.சி.சி.பி. இருக்கே" என்பார்கள், கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சைச் சொல்கிறார்கள். இருக்கட்டும், நல்லதுதான். அது பார்ப்பது எர்த் பக்கம் கசியும் கரண்ட்டை. ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தவர் அதன் கணக்கில் இன்னொரு பல்பு, அவ்வளவுதான்; அது துண்டிக்காது.

இன்னொன்றையும் அந்தப் படங்கள் காட்டுவதில்லை. மாட்யூலை மேலிருந்து பார்த்தால் நீல நிற ரிலேயும் அதன் மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்ற எழுத்தும் தெரியும். திருப்பிப் பாருங்கள். 230 வோல்ட் ஓடும் சால்டர் முனைகள் மூடியே இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது போர்டை நகர்த்தி வைக்கலாம் என்று எடுப்பவரின் விரல் நேராக அங்கேதான் போகும்.

சால்டர் இல்லாமல் ஓட்டைகளில் வயரைச் செருகும் பலகைதான் பிரெட்போர்டு; அதை அப்படியே வரைந்து காட்டும் பிரெட்போர்டு படங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2007-ல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் தொடங்கிய, இந்தப் படங்களை வரைய உதவும் ஃபிரிட்சிங் போன்ற மென்பொருளால் எத்தனையோ பேர் பயமில்லாமல் வயரைச் செருகப் பழகினார்கள். எந்த ஓட்டையில் எந்தக் கால் என்பதைக் காட்ட அதைவிட நல்ல படம் கிடையாது. ஆனால் எது எதோடு இணைகிறது, எந்த இடத்தில் மின்னழுத்தம் மாறுகிறது என்பதற்கு, பாகங்களைக் குறியீடுகளாலும் இணைப்புகளைக் கோடுகளாலும் காட்டும் சுற்றுப்படம் வேண்டும். 1933-ல் வெளியான லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தை வரைந்த ஹாரி பெக், மின்சுற்றுப் படங்கள் வரைந்து பழகியவர். நிலையங்களுக்கு இடையிலான உண்மையான தூரத்தை அவர் விட்டுவிட்டு இணைப்பை மட்டும் வைத்துக்கொண்டார். சுற்றுப்படமும் அதே வேலையைத்தான் செய்கிறது. பிரெட்போர்டு படத்தையும் சுற்றுப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் படிப்பவர் தானே ஒப்பிட்டுக்கொள்வார்.

நிறத்தை மட்டும் நம்பி வரைவதில் இன்னொரு தொல்லை. மாணவர்கள் ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில்தான் பிரின்ட் எடுப்பார்கள். கலர் பிரின்ட்டுக்கு யார் காசு கொடுப்பது? அந்தத் தாளில் சிவப்பும் கறுப்பும் கிட்டத்தட்ட ஒன்றே. சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத ஆண்களும் நம்மிடையே உண்டு. அதனால் கோட்டின் முனையிலேயே "5 வோல்ட்", "பேஸ் 230 வோல்ட்" என்று எழுதிவிடுங்கள். 230 வோல்ட் பகுதியைத் தடித்த கோட்டில் வரைந்து, சுற்றிலும் ஒரு கட்டம் போட்டுப் பிரித்துக் காட்டுங்கள்.

பழகுகிறவர்களுக்கு: ரிலே பழக 230 வோல்ட் தேவையே இல்லை. 12 வோல்ட் அடாப்டரும் ஒரு துண்டு எல்.இ.டி. ஸ்ட்ரிப்பும் போதும். அதே 'டிக்' சத்தம், அதே புரோகிராம். கை நன்றாகப் பழகிய பிறகு, எலக்ட்ரீஷியன் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூடியுள்ள பெட்டிக்குள் மாட்டி வீட்டு கரண்ட்டுக்குப் போகலாம். வயரில் கை வைக்கும் முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள்.

எழுதுகிறவர்களுக்கு: "கவனம், ஷாக் அடிக்கும்" என்ற வரியைக் கட்டுரையின் கடைசியில் போடாதீர்கள். படிப்பவர் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வயரை மாட்டிக்கொண்டிருப்பார். பிளக்கைச் செருகச் சொல்லும் வரிக்கு முந்தைய வரியில் அது இருக்க வேண்டும்.